ஆளில்லாத அறையின் காற்று

அந்த மின்விசிறியை யாராவது நிறுத்தினால் நன்றாக இருக்கும். இறக்கைகளின் ஓரத்தைப் பாருங்கள், கறுப்புக் கரை போட்டதுபோல் தூசி அப்பியிருக்கிறது. அதற்கு நேர் கீழே டீயை மூடாமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். தப்பாக நினைக்காதீர்கள், பழக்கதோஷம். எந்த அறைக்குள் நுழைந்தாலும் முதலில் மேலே பார்ப்பேன், பிறகு மூலைகளைப் பார்ப்பேன், மனிதர்களைக் கடைசியில்தான் பார்ப்பேன். எனக்குத் தூசி ஆகாது. உள்ளே வந்ததிலிருந்து தும்மிக்கொண்டே இருக்கிறேன், நீங்களே பார்க்கிறீர்கள்.

உங்கள் கேள்வி என்ன என்பது எனக்குத் தெரியும். குறைமாதக் குழந்தைகள் வார்டில், எங்கள் பழைய ஆயாவின் தங்கை பெற்ற பையன் எப்படி இறந்தான், அதில் எனக்கு என்ன பங்கு என்பதுதானே. மழுப்ப மாட்டேன். ஆனால் எடுத்த எடுப்பிலேயே முடிவைச் சொன்னால் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பீர்கள். வரிசையாகச் சொன்னால் நியாயம் உங்களுக்கே புரியும். என் கைப்பையிலிருந்து எடுத்த களிம்புக் குழாயை மேஜைமேல் வைத்திருக்கிறீர்கள், அதற்கும் வருகிறேன். அதுவரை அதைக் கையில் உருட்டாதீர்கள். அந்த விரலால்தான் சற்று முன்பு காதைக் குடைந்தீர்கள்.

மருத்துவமனையின் கிருமி ஆய்வகத்துக்கு நான் தலைவி. தொற்றுத் தடுப்புப் பொறுப்பும் என்னுடையதே. காலொடிந்து வந்தவன் காலோடு போக வேண்டும், நிமோனியாவோடு போகக்கூடாது. சுருக்கமாகச் சொன்னால் என் வேலை அதுதான். இந்த வேலையைச் செய்கிறவர்களில் பெரும்பாலானோர் கையைக் கழுவு, கையைக் கழுவு என்று கிளிப்பிள்ளைபோல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். நான் காற்றைப் பார்க்கிறவள்.

காற்று என்றால் ஒன்றுமில்லாத வெளி என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். நீங்கள் சட்டையை உதறினாலும் தோல் உதிர்கிறது, நாற்காலியில் சாய்ந்தாலும் உதிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத செதிள். ஒவ்வொரு செதிளின் மேலும் கிருமிகள் ஏறிப் பயணம் செய்கின்றன. பேசினால் எச்சில் தெறிக்கிறது, சிரித்தால் இன்னும் அதிகம். பக்கத்து ஆள் பல் குத்திய குச்சியை வாயில் வைப்பீர்களா என்று கேட்டால் சீ என்பீர்கள். ஆனால் அவரோடு லிஃப்டில் மூன்று மாடி ஏறுகிறீர்களே, அப்போது என்ன நடக்கிறது என்று நினைக்கிறீர்கள். இதை அறிந்த நாளிலிருந்து என்னால் லிஃப்டில் ஏற முடிந்ததில்லை.

ஒருமுறை வார்டு ஏசி எந்திரத்தைத் திறந்து காட்டச் சொன்னேன். உள்ளே தண்ணீர் வடிகிற தகரத் தட்டில் பழுப்பு நிறத்தில் கொழகொழவென்று ஒன்று படிந்திருந்தது, ஆறிப்போன கஞ்சியில் ஆடை கட்டியதுபோல. மெக்கானிக் அதை விரலால் வழித்துக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார். "இதெல்லாம் சகஜம்மா, எல்லா மெஷின்லயும் இருக்கும்" என்றார். அந்த எந்திரத்தின் காற்றைத்தான் வயிறு கிழித்துத் தைத்த நோயாளிகள் இழுத்துக்கொண்டிருந்தார்கள். நான் போய் வாந்தி எடுத்தேன். வாந்தி எடுத்த வாஷ்பேசினில் யாரோ காறித் துப்பியது காயாமல் கிடந்தது.

வீட்டிலும் அப்படித்தான். என் வீட்டுக்காரர் வாயைத் திறந்துகொண்டு தூங்குகிறவர், அதனால் வேறு அறையில் படுக்கச் சொல்லிவிட்டேன். நல்ல மனிதர், கோபப்பட மாட்டார். "உன்னோட குடும்பம் நடத்தணும்னா என்னைக் கொதிக்க வெச்சுத்தான் இறக்கணும்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிக்கும்போது நான் கொஞ்சம் தள்ளி நிற்பேன்.

சின்ன வயதிலிருந்தே நான் சுத்தக்காரி என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சங்கதி, கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறேன், என் அண்ணன் எப்படியும் உளறுவான். பள்ளிக்கூடத்தில் எனக்குச் சளிமூக்கி என்று பெயர் வைத்திருந்தார்கள். வைத்தவன் அவன்தான். எந்நேரமும் மூக்கு ஒழுகும், சட்டைக் கையில் துடைத்துத் துடைத்து அது பச்சையாக விறைத்துப்போயிருக்கும். நான் போய் உட்கார்ந்தால் பெஞ்சில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்காருவார்கள். அது சின்னப் பிள்ளை விஷயம். இந்த வழக்குக்கும் அதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

இனி தட்டுக்கு வருகிறேன். காற்றிலுள்ள கிருமியைப் பிடிக்க எங்களிடம் எளிய வழி ஒன்று உண்டு. மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் கிருமிகளுக்குப் பிடித்த தீனியைக் களியாக ஊற்றி உறைய வைப்போம். அதை அறையில் வைத்து மூடியைத் திறந்துவிட்டால் காற்றில் மிதப்பவை தாமாக வந்து விழும். பிறகு மூடி, சூட்டுப் பெட்டிக்குள் வைத்தால் மறுநாள் விழுந்த இடமெல்லாம் புள்ளி புள்ளியாக முளைத்திருக்கும். வெள்ளை, மஞ்சள், சாம்பல், பூஞ்சை பிடித்த பச்சை. பார்க்கக் குமட்டும், ஆனால் பொய் சொல்லாது. அந்தச் சூட்டுப் பெட்டிக்கு இன்குபேட்டர் என்று பெயர். குறைமாதக் குழந்தைகளை வைக்கிற கண்ணாடிப் பெட்டிக்கும் அதே பெயர், கிட்டத்தட்ட அதே சூடு. எனக்கு அது எப்போதும் பிடிக்காத ஒற்றுமை.

எங்கள் மருத்துவமனையில் காற்றுப் பரிசோதனை நாள் என்று ஒன்று வைத்திருந்தேன். கல்யாண வீடுபோல் முன்கூட்டியே எல்லோருக்கும் சொல்லிவிடுவோம். தரை தேய்க்கப்படும், கம்பி வலைகள் துடைக்கப்படும். பார்வையாளர்களை வெளியே அனுப்பி, முடிந்தவரை நோயாளிகளையும் நகர்த்தி, நர்ஸ்களைக் கதவுக்கு அப்பால் நிறுத்திவிட்டுத்தான் தட்டுகளைத் திறந்து வைப்போம். வைத்துவிட்டு நானும் வெளியே வந்துவிடுவேன். ஆள் இருக்கும்போது அளந்தால் ஆளை அளந்ததாகும், காற்றை அளந்ததாகாது என்பது நான் போட்ட விதி. வருகிற தட்டுகள் எல்லாம் பளிச்சென்று இருக்கும். தலைமை மருத்துவர் கைகுலுக்க வருவார். நான் கைகுலுக்குவதில்லை.

இந்த ஏற்பாட்டை ஒருத்தி மட்டும் மதித்ததே இல்லை. குறைமாத வார்டு ஆயா. பெயர் வேண்டாம், எல்லோரும் பாட்டுக்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். துணி மடித்தால் பாட்டு, பால்குழாய் கழுவினால் பாட்டு. கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, உள்ளே கையளவு கிடக்கிற ஜீவனிடம் வாய் ஓயாமல் பேசுவாள். "என்னடா ராஜா, கோவமா? உங்கம்மா வந்துக்கிட்டே இருக்கா பாரு." முகக்கவசம் போட்டுக்கொண்டுதான் பேசுவாள், அதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் அந்தத் துணிக்குப் பின்னால் அந்த வாய் அசைவதைப் பார்த்தாலே எனக்கு உடம்பு கூசும். வாய் நிறையச் சோற்றை வைத்துக்கொண்டு பேசுவாள். வியர்வையைப் புறங்கையால் துடைப்பாள். அவள் வந்தால் குழந்தைகள் அழுகையை நிறுத்துகின்றன என்று சிஸ்டர் சொல்வார். கிருமி விழும்போதும் குழந்தை அழாது என்று நான் சொன்னேன்.

அந்த வார்டில்தான் முதலில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது. ரத்தத்தை எடுத்துத் தட்டில் வளர்த்தால் தங்க நிறத்தில் புள்ளிகள் முளைத்தன. இந்தக் கிருமி எங்களுக்குப் புதிதல்ல. எவராவது ஒருவர் மூக்கில் சத்தமில்லாமல் குடியிருக்கும், அவருக்கு ஒரு கெடுதலும் செய்யாது. ஆனால் அந்த ஆளுக்குச் சளியோ தும்மலோ இருந்தால் அவரைச் சுற்றிப் புகைபோல் மிதந்துகொண்டே கூட வரும். பெரியவர்கள் தாங்குவார்கள். அரைக்கிலோவும் முக்கால்கிலோவுமாகக் கிடக்கிறவை எப்படித் தாங்கும். இரண்டும் இறந்துவிட்டன.

வார்டில் கால் வைக்கிற எல்லோருக்கும் மூக்கில் பஞ்சுக்குச்சி விட்டுப் பரிசோதனை செய்ய உத்தரவு போட்டேன். முகம் சுளித்தவர்களுக்கு முன்னுதாரணமாக முதல் குச்சியை நானே என் மூக்கில் விட்டுக் கொடுத்தேன். எல்லோரும் பார்த்தார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

மறுநாள் காலை ஆய்வகத்துக்கு முதல் ஆளாகப் போனேன். சூட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றில் மட்டும் தங்கப் புள்ளிகள் நெருக்கமாக முளைத்திருந்தன. அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் என் பெயர் இருந்தது.

அப்போது எனக்குப் பயம் வரவில்லை. அருவருப்பு வந்தது. யாரோ என் வாய்க்குள் துப்பியதுபோல் இருந்தது. எங்கேயோ கலந்துவிட்டது, ஏதோ பிசகு, என் தட்டு இப்படி இருக்காது என்று மறுபடி மறுபடி திருப்பிப் பார்த்தேன். பிறகு பாட்டுக்காரியின் தட்டை எடுத்தேன். அது சுத்தமாக இருந்தது. பிறந்த குழந்தையின் நகம்போல் அவ்வளவு சுத்தம். சோற்று வாயோடு பேசுகிறவளின் தட்டு. எனக்கு உண்மையிலேயே தாங்க முடியாமல் போனது அதுதான்.

கையுறை போட்டுக்கொண்டு இரண்டு ஸ்டிக்கரையும் இடுக்கி முனையால் நெம்பி உரித்தேன். கிழியவில்லை. மாற்றி ஒட்டினேன். பிழையாக இருந்த ஒன்றைச் சரிசெய்கிற நிம்மதி இருந்தது, பொய் சொல்லவில்லை. தட்டுகளைப் பார்த்தால் யார் பெயர் எதில் இருக்க வேண்டும் என்று எவரும் சொல்வார்களோ அதில்தான் இப்போது பெயர்கள் இருந்தன.

அவளைக் கூப்பிட்டு எல்லோர் முன்னாலும் தட்டைக் காட்டினேன். சளியும் பேச்சும் சேர்ந்தால் மூக்கிலிருந்து கிருமி எப்படி மிதந்து வரும் என்று படம் போட்டு விளக்கினேன். நல்ல விளக்கம், தலைமை மருத்துவரே பாராட்டினார். பாட்டுக்காரி ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த ரெண்டு புள்ளைங்களும் என்னாலயா டாக்டரம்மா?" என்று மட்டும் கேட்டாள். நான் கீழே குனிந்து பேப்பர்களை அடுக்கினேன். அவளுக்கு மூக்கில் தடவக் களிம்பு எழுதிக் கொடுத்து வேலையிலிருந்து நிறுத்தினார்கள். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பீர்கள். ஆனால் வார்டில் பாட்டு நின்றது, எச்சில் பேச்சு நின்றது, அதனால் நன்மை ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட முடியாது.

அதன்பின் ஒரு பயிற்சிக்காக நான் வெளியூர் போனேன். திரும்பி வரும்வரை வார்டில் ஒரு குழந்தைக்கும் காய்ச்சல் இல்லை. "பாத்தீங்களா மேடம், அந்தப் பொம்பளை போனதும் எல்லாம் சரியாப் போச்சு" என்றார் சிஸ்டர். எனக்கும் அப்படித்தான் பட்டது. சிரிக்காதீர்கள். ஸ்டிக்கரை மாற்றியது என் கைதான், அது எனக்கு நினைவில் இருந்தது. ஆனாலும் சிஸ்டர் அதைச் சொன்னபோது மனதார நம்பினேன்.

பாட்டுக்காரியின் தங்கைக்கு ஏழாம் மாதத்திலேயே வலி எடுத்து எங்கள் மருத்துவமனைக்கே கொண்டுவந்தார்கள். கல்யாணமாகிப் பல வருஷம் கழித்து, இரண்டு முறை கலைந்து, மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. வார்டின் கடைசிக் கண்ணாடிப் பெட்டியில் வைத்தார்கள். கோழிக்குஞ்சின் கால்போல் விரல்கள். நன்றாகத்தான் இருந்தான். பால் குழாயில் போனது தங்கியது, எடை ஏறியது.

சில நாள் கழித்து வராந்தாவில், வார்டுக் கதவிலிருந்து வெகுதூரம் தள்ளி, கை கழுவுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றாள். மூக்கையும் வாயையும் துணியால் இறுக்கிக் கட்டியிருந்ததால் அடையாளம் தெரியவில்லை, பேசியபிறகுதான் பாட்டுக்காரி என்று தெரிந்தது.

"டாக்டரம்மா, கிட்ட வரலைம்மா. இங்கயே நின்னு பேசிட்டுப் போயிடறேன்."

"உள்ள உனக்கு அனுமதி இல்லைன்னு தெரியுமில்ல?"

"தெரியும்மா. எனக்கே வேணாம். மருந்த விடாம போட்டுக்கிட்டுதான் இருக்கேன், மூக்கெல்லாம் வெந்து ரத்தம் கசியுது, ஆனாலும் நிறுத்தல. என் மூச்சு பட்டு ரெண்டு உசுரு போனது போதும்மா. கண்ண மூடினா அதுங்கதான் வந்து நிக்குதுங்க." பிறகு கையெடுத்துக் கும்பிட்டாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நீங்க தினம் ஒரு வாட்டி உள்ள போய் அவனப் பாத்துட்டு வாங்கம்மா. நர்ஸம்மாங்க ஆயிரம் இருந்தாலும் உங்கள மாதிரி சுத்தம் வருமா. நீங்க பக்கத்துல நின்னாலே எனக்கு நெஞ்சு ஆறிடும்."

இத்தனை வருஷ வேலையில் யாரும் என்னிடம் அப்படிச் சொன்னதில்லை. பயந்திருக்கிறார்கள், முணுமுணுத்திருக்கிறார்கள், முதுகுக்குப் பின்னால் சோப்பு ராணி என்று சிரித்திருக்கிறார்கள். இவள் ஒருத்திதான் என்னைச் சரியாகப் புரிந்துகொண்டாள். எனக்குக் கண் கலங்கியது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். சரி என்றேன்.

கொடுத்த வாக்கைக் காப்பாற்றினேன் என்பதை நீங்கள் எழுத வேண்டும். தினமும் போனேன், சில நாள் இரண்டு முறையும் போனேன். மெல்லிய காகிதக் கீற்று ஒன்று எப்போதும் என் பையில் இருக்கும். அதைக் கதவின் கீழ் இடுக்கில் பிடித்தால் காற்று எந்தப் பக்கம் போகிறது என்று தெரியும். வார்டுக் காற்று வெளியே போக வேண்டும், வெளிக்காற்று உள்ளே வரக்கூடாது. கீற்று வெளிப்பக்கமாகத்தான் ஆடியது. மேலே வலை சுத்தமாக இருந்தது. எல்லாம் பார்த்துவிட்டுக் கடைசிப் பெட்டிக்குப் போவேன். பெட்டியின் பக்கவாட்டு ஜன்னல் விளிம்புகளில் ரப்பர் சரியாக ஒட்டியிருக்கிறதா என்று திறந்து குனிந்து பார்ப்பேன். முகக்கவசம் போட்டால் என் மூக்குக்கண்ணாடியில் ஆவி படியும், ஒன்றும் தெரியாது. அதனால் கவசத்தை மூக்குக்குக் கீழே இறக்கிக்கொள்வேன். மற்றவர்கள் அப்படி இறக்கினால் திட்டுவேன், அது வேறு. அவர்கள் அலட்சியத்தில் செய்கிறார்கள்.

ஒருநாள் அப்படிக் குனிந்திருக்கும்போது தும்மல் வந்தது. முழங்கையை மடக்கி அதற்குள்தான் தும்மினேன், முறைப்படி. பையன் அதிர்ந்து கையைக் காலை விரித்தான். பிறகு என்னைப் பார்த்தான், அல்லது பார்த்ததுபோல் இருந்தது, அந்த வயதில் கண் தெரியாது. நான் ஜன்னலைச் சாத்தினேன்.

எனக்குத் தெரியுமா என்று நீங்கள் கேட்பீர்கள். அங்கே நின்றபோது என் மூக்கில் என்ன இருக்கிறது என்பது எனக்குத் தெரியுமா. தெரியும். தட்டை என் கண்ணால் பார்த்தவள் நான், ஸ்டிக்கரை உரித்தவளும் நான். அந்தக் கிருமி தானாகப் போகாது என்று மாணவர்களுக்குப் பாடம் நடத்துகிறவள். தள்ளி நின்றிருக்கலாம். சிஸ்டரிடம் சொல்லியிருக்கலாம், காரணம்கூடச் சொல்ல வேண்டியதில்லை, இந்த வாரம் எனக்குச் சளி என்றால் போதும். ஆனால் திடீரென்று வார்டுக்குப் போவதை நிறுத்தினால் ஏன் என்று கேட்பார்கள். அதோடு நான் சுத்தம் என்று நம்பி ஒருத்தி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

பையன் பால் குடிப்பதை நிறுத்தினான். உடம்பில் திட்டுத் திட்டாக நிறம் மாறியது. ரத்தத்தை என் ஆய்வகத்துக்குத்தான் அனுப்பினார்கள். மறுநாள் தட்டை நானே எடுத்துப் பார்த்தேன், வேறு யாரையும் தொட விடவில்லை. தங்கப் புள்ளிகள். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது ஊரிலிருந்து தெரிந்தவர் யாரோ வந்து நிற்பதுபோல் இருந்தது. மருந்து எது கேட்கும் என்று உடனே சொன்னேன், அதில் தாமதம் இல்லை, சிஸ்டரைக் கேளுங்கள். மருந்து கேட்பதற்குள் அவன் போய்விட்டான்.

வராந்தாவில் அதே இடத்தில் பாட்டுக்காரி நின்றாள். அழவில்லை. தங்கையின் அழுகை உள்ளிருந்து கேட்டுக்கொண்டிருந்தது, இவள் உள்ளே போக முடியாது. என்னைப் பார்த்ததும் இன்னும் ஓரடி பின்னால் போனாள்.

"நீங்க தினமும் பாத்துக்கிட்டீங்களாம், சிஸ்டரம்மா சொன்னாங்க. அது போதும்மா. ஆனா ஒண்ணு மட்டும் சொல்லுங்க. நான் இங்க வந்து நின்னதே தப்போ? இவ்ளோ தூரம் தள்ளி நின்னாலும், என் மூச்சுக்காத்து கதவு வழியா போய் அவன்மேல பட்டிருக்குமோ?"

அவள் கண்கள் மட்டும்தான் துணிக்கு மேலே தெரிந்தன. இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் அடுத்து, அப்படியானால் யார் மூச்சு என்று கேள்வி வரும். அவள் கேட்கமாட்டாள், ஆனால் கேள்வி அங்கே நிற்கும்.

"இருக்கலாம்" என்றேன்.

அறிவியல்படி அது பொய்யில்லை. காற்றில் எதையும் அடித்துச் சொல்ல முடியாது.

அவள் தலையை ஆட்டினாள், ஏற்கெனவே தெரிந்த ஒன்றைக் கேட்டவள்போல். திரும்பிப் போனாள். இப்போது தங்கை வீட்டுப் படி ஏறுவதில்லையாம், தங்கையும் கூப்பிடுவதில்லையாம். தெருவில் எதிரே குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தால் இந்தப் பக்கத்துச் சுவரோரம் ஒதுங்கி நின்று, போனபிறகுதான் நடக்கிறாளாம். பாடுவதே இல்லை என்கிறார்கள். இதை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தீர்கள். வருத்தமாகத்தான் இருக்கிறது. நான் கல் அல்ல.

என்னைப் பிடித்துக் கொடுத்தது என் ஆய்வகத்துக்குப் புதிதாக வந்த சின்ன டாக்டர். அந்தப் பெண்ணுக்கு என் விதிகள் பிடிக்கவில்லை. "ஆளே இல்லாத ரூம்ல காத்த அளந்து என்ன மேடம் பிரயோஜனம்? புள்ளைங்க கூட ஆளுங்கதானே இருக்காங்க" என்று முதல் வாரமே கேட்டாள். முளைத்து மூன்று இலை விடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். எனக்குத் தெரியாமல் வார்டில் ஆள் நடமாடும்போதே தட்டுகளைத் திறந்து வைத்திருக்கிறாள். யார் வந்து போனபோது எது திறந்திருந்தது என்று பார்த்திருக்கிறாள். நான் வந்து போன நேரத்துத் தட்டுகளில் தங்கப் புள்ளிகள். என்னிடம் வந்து, மரியாதையாகத்தான், "மேடம், உங்க மூக்குலயும் இன்னொரு வாட்டி எடுத்துப் பாத்துடலாமா?" என்றாள். நான் ஏற்கெனவே கொடுத்தாகிவிட்டது, சுத்தம் என்று வந்தாகிவிட்டது என்றேன். அதன்பிறகு என் அறை அலமாரியில் ஒரு தட்டைத் திறந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். நான் நாள் முழுக்க அதற்குப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறேன். அந்தத் தட்டைத்தான் உங்களுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதை நான் பார்க்க விரும்பவில்லை, தயவுசெய்து மேஜைமேல் வைக்காதீர்கள்.

களிம்பைப் பற்றிக் கேட்டீர்கள். ஸ்டிக்கரை மாற்றிய அன்றே வீட்டுக்குப் போகிற வழியில் வாங்கியதுதான் அது. எந்த மருந்துக் கடையிலும் கிடைக்கும். பாட்டுக்காரிக்கு எழுதிக் கொடுத்த அதே களிம்பு. சில நாள் மூக்கில் தடவினால் போதும், கிருமி போய்விடும், யாருக்கும் தெரியவே தெரியாது. பையன் பிறப்பதற்கு முன்பே போயிருக்கும். நீங்கள் சொல்ல வருவது அதுதான், எனக்கும் கணக்கு தெரியும். மூடியின் சீல் உடையவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். குளியலறையில் கண்ணாடி முன்னால் நின்று பலமுறை திருகப் போயிருக்கிறேன். திருகினால் அது என் மூக்கில் இருக்கிறது என்று ஆகிவிடும். தேவையில்லாத மருந்தை யாராவது போட்டுக்கொள்வார்களா. மறுபடி பையில் வைத்துவிடுவேன்.

ஆகவே நான் ஒப்புக்கொள்கிறேன். ஸ்டிக்கரை மாற்றினேன். நிரபராதியை வெளியே அனுப்பினேன். தெரிந்தே அந்தப் பையன்மேல் குனிந்தேன், அவன் இறந்தான், பழியை அவன் பெரியம்மா தலையில் வைத்தேன். கொலை என்று எழுதுவதானால் எழுதுங்கள், எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள். ஒரே ஒரு வரியை மட்டும் அடித்துவிடுங்கள். இரண்டாம் பக்கத்தில், கிருமி இவருடைய மூக்கிலிருந்து பரவியது என்று தட்டச்சு செய்திருக்கிறீர்கள். அது தவறு. அந்தத் தட்டில் ஏதோ கலந்திருக்கிறது என்று முதல் நாளே எனக்குத் தெரியும். என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள்.

அந்த மூலையில் தட்டச்சு செய்கிற பெண் நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டிருக்கிறாள். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருக்கிறாள். எடுக்கச் சொல்லுங்கள், அது மரியாதையில்லை. மன்னிக்கவும், பாருங்கள், மறுபடியும் தும்மல். அந்த மின்விசிறியை நிறுத்தச் சொல்லி எவ்வளவு நேரமாகிறது.